பாலத்துக்குக் கடன்: தவணை கட்டப்போவது யார்?

மன்னார்த் தீவில் கடை வைத்திருப்பவருக்குப் பாலம் என்பது வெறும் கொங்கிறீட் அல்ல. அரிசியும் சீமெந்தும் மருந்தும் காஸ் சிலிண்டரும் தீவுக்குள் வருவது அந்த வழியால்தான். பேசாலை மீனும் கருவாடும் மன்னார் உப்பும் வெளியூர்ச் சந்தைக்குப் போவதும் அதே வழியால்தான். தள்ளாடிப் பக்கத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீற்றர் தாம்போதி, அதன் முடிவில் பாலம், அதற்கப்பால் மன்னார் நகரம். லொறி போவதற்கு வேறு வீதி கிடையாது.

அதனால் "பாலத்தைத் திருத்தப் பணம் எங்கிருந்து வரும்?" என்ற கேள்வியை எஞ்சினியர்மாரிடமும் அரசியல்வாதிகளிடமும் மட்டும் விட்டுவிட முடியாது. அது வியாபாரியின் கேள்வி. உலகின் பல நாடுகளில் அரசாங்கங்களும் மாநகர சபைகளும் பிணைமுறி விற்றுப் பாலம் கட்டுகின்றன, பழைய பாலத்தைத் திருத்துகின்றன. அந்த முறையில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. இரண்டையும் நமது கடைக் கணக்கு மொழியிலேயே இந்த வாரம் பார்ப்போம்.

கொடையாகக் கிடைத்த பாலம்

மன்னாரின் பழைய பாலம் 1990ஆம் ஆண்டு யுத்தத்தில் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில்தான் வடக்கு முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டி போன்ற தீவுக் கிராமங்களின் மக்கள் வள்ளங்களில் ஏறிக் கடல் வழியாகக் கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு ஏறக்குறைய இருபது வருட காலம் தீவையும் பெருநிலத்தையும் இணைத்தது ஒரு தற்காலிக இரும்புப் பாலம். பெய்லி பாலம் என்று சொல்வார்களே, அதுதான்.

இன்று நாம் பயன்படுத்தும் பாலம் 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்டது. ஜப்பான் அரசாங்கத்தின் நன்கொடை உதவியில் கட்டப்பட்டது. நன்கொடை என்றால் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. அதற்காக ஜப்பானிய மக்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆனால் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். பாலம் நன்கொடையாக வரலாம், அதன் பராமரிப்பு நன்கொடையாக வராது. யாரோ ஒருவர் நமக்கு ஒரு லொறியை இலவசமாகத் தந்தாலும் டயரும் ஒயிலும் நம் செலவுதானே?

மன்னார்ப் பாலம் மதவாச்சி - தலைமன்னார் ஏ 14 வீதியில் இருக்கிறது. ஏ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அதிகார சபைக்குப் பணம் கொடுப்பது திறைசேரி. திறைசேரியின் வரவு செலவுக்குப் போதாமல் இருக்கிறது. எனவே துண்டு விழும் தொகைக்குத் திறைசேரி உண்டியலும் பிணைமுறியும் விற்றுக் கடன் எடுக்கிறது. ஆகவே, "பாலம் திருத்தப் பிணைமுறி" என்ற பெயரில் யாரும் ஒன்றை வெளியிடாவிட்டாலும், நாளைய திருத்த வேலைப் பணத்தில் ஒரு பங்கு கடன் பணமாகத்தான் இருக்கப் போகிறது.

உப்புக் காற்று யாருக்கும் தவணை கொடுக்காது

கடலோரத்தில் வீடு கட்டியவருக்கு இது தெரிந்த கதை. உப்பு ஈரம் கொங்கிறீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கும். உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் மேலே இருக்கும் கொங்கிறீட் வெடித்து உதிரும். வெடிப்புத் தெரிந்த உடனே அடைத்துப் பூசினால் சிறிய செலவு. கம்பி கரைந்த பிறகு பார்த்தால் பெரிய செலவு. அதற்கும் பிந்தினால் பாரத்துக்குக் கட்டுப்பாடு போடுவார்கள்.

பாரக் கட்டுப்பாடு என்றால் நமக்கு என்ன? பத்துத் தொன் ஏற்றி ஒரு தடவையில் வரும் சரக்கை ஐந்து தொன்னாக இரண்டு தடவையில் கொண்டுவர வேண்டும். லொறிக் கூலி ஏறக்குறைய இரட்டிப்பாகும். அது சீனியின் விலையிலும் சீமெந்தின் விலையிலும் ஏறும். வரி என்று பெயர் வைக்காத வரி அது.

எதிர்க்கரையைப் பாருங்கள். பாம்பன் ரயில் பாலம் 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் சூறாவளியில் சேதமடைந்தபோது ஈ. ஸ்ரீதரன் என்ற எஞ்சினியரின் தலைமையில் 46 நாட்களில் திருத்தி முடித்தார்கள். ஆனால் நூறு வருடக் கடற்காற்று கடைசியில் வென்றது. கப்பல் போக விலகிக் கொடுக்கும் நடுப்பகுதி பழுதுபட்டு, 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 550 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் செலவில் கட்டி முடிந்து திறக்கப்பட்டது 2025 ஏப்ரல் 6ஆம் திகதி. இடைப்பட்ட இரண்டு வருடங்களுக்கு மேல் இராமேஸ்வரத்துக்கு ரயில் இல்லை, மண்டபத்தோடு நின்றது. அவர்களுக்குப் பக்கத்திலேயே 1988இல் திறந்த வீதிப் பாலம் ஒன்று இருந்தது. நமது லொறிகளுக்கு அப்படி இன்னொரு வழி இல்லை.

பிணைமுறியின் கணக்கு

பிணைமுறி என்பது வேறொன்றுமல்ல, அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டு. "இவ்வளவு பணம் தாருங்கள், வருடத்துக்கு இவ்வளவு வட்டி தருகிறேன், இத்தனையாவது வருடம் முதலைத் திருப்பித் தருகிறேன்" என்பதுதான் அதன் சாரம். வாங்குபவர்கள் வங்கிகள், காப்புறுதிக் கம்பனிகள், ஊழியர் சேமலாப நிதியம், வெளிநாட்டு முதலீட்டாளர்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பாலத்தைத் திருத்த 100 மில்லியன் ரூபா தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்து வருடத்துக்கு 12 வீத வட்டியில் எடுத்தால், வருடம் 12 மில்லியன் வட்டி, பத்து வருடத்தில் 120 மில்லியன். முதலையும் சேர்த்தால் 220 மில்லியன். அதே கடன் 9 வீதத்துக்குக் கிடைத்தால் மொத்தம் 190 மில்லியன். பாலம் ஒன்றுதான், வேலை ஒன்றுதான். அரசாங்கத்தின் மீது கடன் கொடுப்பவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதில் மட்டும் 30 மில்லியன் வித்தியாசம். கடன் சொல்லிச் சரக்கெடுக்கும் நமக்கு இது புதிதல்ல. தவணை தவறாதவருக்கு ஒரு விலை, தவறியவருக்கு இன்னொரு விலை.

அப்படியானால் கடன் எடுத்துப் பாலம் கட்டுவதே தவறா? இல்லை. நல்ல முன்மாதிரி ஒன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் இருக்கிறது. அங்கேயுள்ள கோல்டன் கேட் பாலத்துக்காக 35 மில்லியன் டொலருக்குப் பிணைமுறி வெளியிடலாமா என்று 1930 நவம்பரில் ஆறு மாவட்ட மக்களிடம் வாக்கு கேட்டார்கள். வீடும் தோட்டமும் கடையும் அந்தக் கடனுக்குப் பிணையாகும் என்று தெரிந்துகொண்டுதான் மக்கள் சம்மதித்தார்கள். பாலம் 1937இல் திறக்கப்பட்டது. கடைசிக் கடன் அடைந்தது 1971இல். முதல் 35 மில்லியன், வட்டி சுமார் 39 மில்லியன். இரண்டும் பாலத்தைக் கடந்த வாகனங்களின் கட்டணத்திலிருந்தே கட்டி முடிக்கப்பட்டன.

இதில் இரண்டு பாடம் உண்டு. ஒன்று, முதலை விட வட்டி அதிகம். இரண்டு, அந்தக் கடனுக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு வேலை இருந்தது, அடைப்பதற்கென்று ஒரு வருமானம் இருந்தது.

தமிழ்நாட்டிலும் இந்த முறை உண்டு. மதுரை மாநகராட்சி 2001ஆம் ஆண்டு 30 கோடி இந்திய ரூபாவுக்குப் பிணைமுறி வெளியிட்டது. சுமார் 27 கிலோமீற்றர் நீளமான உள்வட்டச் சாலைக்காக எடுத்த பழைய கடனை அடைக்கத்தான் அந்தப் பணம். சாலையில் அறவிடும் சுங்கக் கட்டணம் கடனைக் கட்டும் வருமானமாகக் காட்டப்பட்டது. சென்னை மாநகராட்சி 2025 மே மாதத்தில் 200 கோடி ரூபாவுக்கு 7.97 வீத வட்டியில் பத்து வருடப் பத்திரம் வெளியிட்டது. அந்தப் பணம் கொசஸ்தலை ஆற்றுப் படுகையின் மழைநீர் வடிகால் வேலைக்கென்று சொல்லியே வாங்கப்பட்டது. எதற்குக் கடன் என்பதை எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நமது நாட்டின் ஏடு

இனி நமது கணக்கு ஏட்டைப் புரட்டுவோம். இலங்கை 2007ஆம் ஆண்டு முதன்முதலாகச் சர்வதேசச் சந்தையில் 500 மில்லியன் டொலர் பிணைமுறி விற்றது. வட்டி 8.25 வீதம், தவணை ஐந்து வருடம். பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக விற்றோம். ஒன்றின் தவணை வந்தால் அதைக் கட்ட இன்னொன்று. 2022 ஜனவரியில் நாட்டில் மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் தட்டுப்பாடு நிலவிய வேளையிலும் 500 மில்லியன் டொலர் பிணைமுறித் தவணை ஒன்றைக் கட்டினோம். மூன்று மாதம் கூடச் செல்லவில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது.

அதன் விலையை யார் கொடுத்தார்கள்? அந்த ஆண்டில் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதத்தைத் தாண்டியது. வங்கியில் ஓவர்டிராப்ட் வைத்திருந்த சிறு வியாபாரியின் நிலை அப்போது எப்படி இருந்தது என்பதை இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியம் தன் கையிலிருந்த பிணைமுறிகளைக் கொடுத்து, வட்டி குறைந்த புதியவற்றை எடுத்துக்கொண்டது. 2024 ஜனவரி முதலாம் திகதி முதல் வற் வரி 15இலிருந்து 18 வீதமாக உயர்ந்தது. 2024 டிசம்பரில்தான் 12.55 பில்லியன் டொலர் சர்வதேசப் பிணைமுறிகளை மாற்றிக் கொடுக்கும் உடன்பாடு நிறைவேறியது.

இங்கே குறை என்ன? கடன் எடுத்தது மட்டுமல்ல. அந்தப் பிணைமுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு குறிப்பிட்ட வேலை எழுதப்படவில்லை. பணம் பொதுப் பெட்டிக்குள் போனது. எந்தப் பாலத்துக்கு எவ்வளவு, எந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு, பழைய வட்டிக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. கடைக் காசையும் வீட்டுக் காசையும் ஒரே லாச்சியில் போட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

வட்டி என்ற கேள்வி

நமது வாசகர்களில் பலர் மனத்தில் இன்னொரு கேள்வி இருக்கும். பிணைமுறி வட்டியில் ஓடுவது. ஊருக்குப் பாலம் நல்லதுதான். ஆனால் அதற்காக வட்டிச் சீட்டை வாங்க முடியுமா? மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள், நான் வியாபாரி. ஆனால் வட்டி இல்லாத வழியில் பாலம் கட்டிய நாடு இருக்கிறது என்பதைச் சொல்வது என் வேலை.

இந்தோனேசியா 2008ஆம் ஆண்டு ஸுகூக் பத்திரங்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2009இல் சாதாரண மக்களுக்கென்று முதல் ஸுகூக்கை விற்றது. 2013 முதல் குறிப்பிட்ட வேலைகளுக்கென்றே ஸுகூக் பணத்தை ஒதுக்கத் தொடங்கியது. சுமத்திராவில் பலெம்பாங் நகரத்தில் மூஸி ஆற்றின் மேல் 2019இல் திறந்த நான்காவது பாலம் அப்படிக் கட்டப்பட்டதுதான். அந்த நகரத்தின் பழைய பாலத்தின் நெரிசலைக் குறைக்கவே அதைக் கட்டினார்கள்.

ஸுகூக் முறையில் பணம் போடுபவர் கடன் கொடுப்பவர் அல்ல, ஒரு சொத்தின் பங்குதாரர். அந்தச் சொத்தை அரசாங்கம் வாடகைக்கு எடுத்ததாகக் கணக்கு. அவருக்குக் கிடைப்பது வாடகைப் பங்கு. எனவே சொத்து எது, வேலை எது என்று எழுதாமல் ஸுகூக் வெளியிட முடியாது. பணத்துக்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும் என்ற அந்த நிபந்தனைதான் முஸ்லிம் அல்லாத நாடுகளையும் ஈர்க்கிறது. பிரித்தானிய அரசாங்கமே 2014இல் 200 மில்லியன் பவுணுக்கு ஸுகூக் வெளியிட்டது.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஸுகூக் என்றாலும் வாடகையைக் கட்டப்போவது அரசாங்கம்தான். அரசாங்கத்தின் பணம் நமது வரிதான். பெயர் மாறியதால் சுமை மறைந்துவிடாது. கணக்கு ஒழுங்காக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் அதன் சிறப்பு.

பணம் வந்தால் மட்டும் போதாது

கொச்சி நகரத்தில் பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. மூன்று வருடம் கூட ஆகவில்லை, வெடிப்புகள் கண்டு 2019 மே மாதத்தில் மூடினார்கள். 46 நாட்களில் பாம்பனைத் திருத்திய அதே ஸ்ரீதரனின் மேற்பார்வையில் மீண்டும் கட்டி, 2021 மார்ச்சில்தான் திறந்தார்கள். ஒரு பாலத்துக்கு இரண்டு செலவு. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது பாதிக் கேள்வி. வேலையை யார் பார்த்தார்கள் என்பது மீதிப் பாதி.

இந்தக் கேள்விகளுக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நாடு முழுவதும் வீதிகளையும் பாலங்களையும் அடித்துச் சென்றது. மன்னார் மாவட்டமும் வெள்ளத்தில் மூழ்கியது. நேரடிச் சேதம் 4.1 பில்லியன் டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. இந்திய இராணுவம் கொண்டுவந்து பூட்டிய பெய்லி பாலங்களை மறுபடியும் வடக்கில் பார்த்தோம். இந்தியா அறிவித்த 450 மில்லியன் டொலர் உதவியில் 100 மில்லியன் நன்கொடை, 350 மில்லியன் சலுகைக் கடன். ஆக, நூற்றுக்கணக்கான பாலங்களும் மதகுகளும் திருத்தத்துக்குக் காத்து நிற்கும் வரிசையில், கடன் பணத்தைப் பங்கு போடும் வேளையில், இடிந்து விழுந்த பாலத்துக்குத்தான் முதலிடம் கிடைக்கும். விழாமல் நிற்கும் பாலத்தின் பராமரிப்பைக் கேட்பதற்கு அந்த ஊரில் ஆள் இருக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

மன்னாரின் வர்த்தகர்கள் முஸ்லிம், தமிழர், சிங்களவர் என்று பிரிந்து செய்ய வேண்டிய காரியமல்ல இது. பாலம் எல்லோருக்கும் ஒன்றுதான். நமது சங்கங்கள் கூடி ஒரு கடிதம் எழுதினால் போதும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அரசாங்க நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். கேட்டதைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்க வேண்டியவை நான்கு. மன்னார்ப் பாலமும் தாம்போதியும் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டன? அந்தப் பரிசோதனையில் கண்டது என்ன? பாலம் திறந்த 2010ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஆண்டும் அதன் பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்த தொகை எவ்வளவு? அடுத்த ஐந்து வருடத்துக்கு என்ன வேலை திட்டமிடப்பட்டிருக்கிறது, அதன் பணம் வரவு செலவுத் திட்டத்திலா, வெளிநாட்டுக் கடனிலா?

பதில் வந்தபின் நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் போக வேண்டும். "புதிய பாலம் தாருங்கள்" என்று கேட்பதற்கல்ல. இருக்கின்ற பாலத்துக்கு வருடா வருடம் ஒரு சிறிய தொகையைப் பெயர் குறித்து ஒதுக்குங்கள் என்று கேட்பதற்கு. அப்படி ஒதுக்கினால், பெரிய கடன் எடுக்க வேண்டிய நாள் தள்ளிப் போகும். கடன் எடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு நாள் வந்தால், அது பிணைமுறியாக இருந்தாலும் ஸுகூக்காக இருந்தாலும் மூன்று விடயம் எழுத்தில் இருக்க வேண்டும்: எந்த வேலைக்கு, எந்த வருமானத்திலிருந்து அடைப்பது, யார் மேற்பார்வை.

சுங்கக் கட்டணம் என்ற பேச்சு வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்கவும் வேண்டாம், தலையாட்டவும் வேண்டாம். வேறு வழியே இல்லாத தீவு மக்களிடம் அறவிடும் கட்டணம், வேறு வழி உள்ள ஊரில் அறவிடும் கட்டணத்தைப் போன்றதல்ல. அந்தச் செலவு நமது கடைகளில் சாமான் விலையோடு சேர்ந்து ஏழையின் தலையில்தான் இறங்கும். அதையும் கணக்கில் சேர்த்துப் பேச நமக்கு ஆள் வேண்டும், கையில் ஆவணம் வேண்டும்.

ஆகவே அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகப் போடுங்கள். கடிதத்தின் பிரதியொன்றைக் கோப்பில் வையுங்கள். அனுப்பிய திகதியைக் குறித்து வைத்து, பதினான்கு வேலை நாட்களை எண்ணுங்கள்.